பெரிய மடுவுக்குத் தோட்டா வேண்டாம்

செல்வராசு கண்ணுக்கு அப்பா எழுதுவது.

‘இவ்விடம் யாவரும் நலம்’ என்றுதான் நான் எப்போதும் ஆரம்பிப்பேன். இந்தத் தடவையும் அப்படி எழுதினேன். எழுதியதைப் பார்த்தால் உண்மையாகப் படவில்லை, அடித்துவிட்டேன். இந்தக் கடிதத்தில் எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்துதான் பேனாவைத் தொட்டிருக்கிறேன். நீளமாக இருக்கும். ஃபேக்டரி வாசலில் நின்று படிக்காதே. ரூமுக்குப் போய், உட்கார்ந்து, முழுசும் படி.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. உன் அம்மா ராகி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தபால்காரர் கையிலிருந்து வாங்கி, “சத்தமாப் படிங்க” என்று என்னிடம் நீட்டினாள். உன் மாமன் மாணிக்கம் பக்கத்தில் உட்கார்ந்து மூங்கில் ஒன்றைக் கணு கணுவாகச் சீவிக்கொண்டிருந்தான். பத்து நாள் லீவு கிடைத்தது, பெண் வீட்டில் பத்திரிகை அடித்துவிட்டது, உன் சட்டைத் துணி ஓசூரிலேயே எடுத்தது, எல்லாம் படித்தேன். கடைசி நாலு வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். “அப்புறம்?” என்றாள் உன் அம்மா. “அவ்ளோதான், ஒடம்பப் பாத்துக்கச் சொல்லியிருக்கான்” என்றேன். மாணிக்கம் என் முகத்தைப் பார்த்து, தன் குரல் தனக்கே தெரியாத அந்தச் சத்தத்தில், “என்ன மச்சான், மொகம் செத்துப்போச்சு?” என்றான். நான் சிரித்து மழுப்பினேன்.

அந்த நாலு வரி உனக்கு மறந்திருக்கும். இங்கே திரும்ப எழுதுகிறேன். ‘கல்யாணத்துக்கு மறுநாள் விருந்துக்கு மீனைப் பற்றிக் கவலை வேண்டாம். என்னோடு வேலை செய்பவனுக்குக் கல் குவாரியில் தெரிந்த ஆள் இருக்கிறான். இரண்டு வெடித் தோட்டா வாங்கி வருகிறேன், நம் பெரிய மடுவில் போட்டால் அரை மணியில் ஊருக்கே மீன். மாமாவைப் போல திருடிக்கொண்டு வரவில்லை, கேட்டு வாங்கித்தான் வருகிறேன், பயம் வேண்டாம்.’

இதில் கடைசி வரிதான் என்னை எழுதவைத்தது. உன் மாமன் திருடவில்லை, கண்ணு. அந்தத் தோட்டாக்களை எடுத்தவன் நான். போட்டவனும் நான். அவன் காது போனது என்னால். ஊருக்கும் போலீசுக்கும் உன் அம்மாவுக்கும் உனக்கும் வேறு கதை சொன்னதும் நான்தான்.

நீ ஒண்ணாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் அது. அப்போது நம் பக்கமெல்லாம் சேலம் ஜில்லா. நான் கிணற்றுக்கு வெடி வைக்கிற வேலையில் இருந்தேன் என்று உனக்குத் தெரியும். மாரண்டஹள்ளியைச் சுற்றி எந்தக் காட்டில் கிணறு வெட்டினாலும் இரண்டு ஆள் ஆழத்துக்கு மேல் மண் கிடையாது, பாறைதான். குழி அடித்து, தோட்டாவைச் சொருகி, திரி பற்றவைத்துவிட்டு ஓடுகிற வேலையில் நான் கெட்டிக்காரன் என்று பேர். அந்தப் பேர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மாணிக்கத்துக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நம் வீட்டிலேயே இருந்தான். இண்டூரில் அவனுக்குப் பெண் பார்த்து, பூ வைத்து முடிந்திருந்தது. பெண் வீட்டார் மறுநாள் நம் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக இருந்தது. அவன் காலையிலேயே ஒரு மூங்கில் குச்சியை எடுத்துக்கொண்டு புறப்பட்டான். “நாளைக்கு அவங்களுக்கு மீன் கொழம்பு வெக்கலாம்னு பாக்கறேன் மச்சான். நாலு விரால் கெடச்சா போதும்” என்றான். நான் சிரித்தேன். “நாலு விராலுக்கு நாலு நாளு ஒக்காருவியா? வா எங்கூட, கால் மணி நேரம்” என்றேன். முந்தின நாள் வேலையில் மிஞ்சிய இரண்டு தோட்டாவை மேஸ்திரியிடம் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தேன். அவனுக்கு அதில் இஷ்டமில்லை. “வேண்டாம் மச்சான், குஞ்செல்லாம் செத்துப்போவும்” என்று பாதி வழி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான். நான் மூத்தவன், அக்கா புருஷன். அதனால் வந்தான்.

ஆறு ஆழம் விழுந்து தேங்கி நிற்கிற பெரிய மடுவில் முதல் தோட்டா வெடித்ததும் மீன்கள் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தன. மிதப்பதைவிட அடியில் போய்ப் படிவதுதான் அதிகம் என்பது தோட்டா போட்டவர்களுக்குத் தெரியும். மாணிக்கம் நல்ல நீச்சல்காரன். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு முங்கிவிட்டான். அந்த நேரம் எதிர்க்கரைப் பாறை நிழலில் ஒரு பெரிய விரால் முதுகு காட்டியது. தொடை கனம் இருக்கும். இரண்டாவது தோட்டா என் கையில் இருந்தது, சீக்கிரம் வெடிக்கட்டும் என்று திரியைக் குட்டையாக நறுக்கி வைத்திருந்தேன். மாணிக்கம் மேலே வந்தானா என்று நான் பார்க்கவில்லை. மீனைத்தான் பார்த்தேன். பற்றவைத்து வீசினேன்.

தண்ணீருக்குள் வெடிக்கிற வெடி கரையில் நிற்பவனுக்கு ஒரு குலுக்கல்தான். உள்ளே இருப்பவனுக்கு என்ன என்று அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவன் மேலே வந்தான். இரண்டு கையிலும் இரண்டு விரால். இரண்டு காதிலிருந்தும் ரத்தம் கழுத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் அவன் பேரைச் சொல்லிக் கத்துகிறேன். அவன் மீனைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டே, “ஏன் மச்சான் பேசாம வாய மட்டும் அசைக்கறீங்க?” என்றான்.

சேலம் பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தான். இரண்டு செவிப்பறையும் கிழிந்துவிட்டது, உள்காதும் போய்விட்டது, இனி கேட்காது என்றார் டாக்டர். அதற்குள் மேஸ்திரி தோட்டாக் கணக்கில் இரண்டு குறைவதைக் கண்டுபிடித்திருந்தார், நாங்கள் ஊர் திரும்பிய அன்றே என்னைத் தேடி வந்தார். அவரோடு ஒரு போலீஸ்காரரும் வந்திருந்தார். “தோட்டாவ யாருய்யா எடுத்தது?” என்று கேட்டார்கள். மாணிக்கம் என் பக்கத்தில்தான் பஞ்சு வைத்த காதோடு நின்றுகொண்டிருந்தான், எல்லாருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு. ஜெயிலுக்குப் போனால் உன்னையும் உன் அம்மாவையும் யார் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. கெட்டிக்காரன் என்ற பேர் போய்விடுமே என்றும் நினைத்தேன். “எனக்குத் தெரியாதுங்க. அவனாத்தான் எடுத்துக்கிட்டுப் போயிருக்கான்” என்றேன். போலீஸ்காரர் மாணிக்கத்தைப் பார்த்தார். பாவம், பட்டது போதும் என்று கேஸ் எழுதாமல் போய்விட்டார். மாணிக்கம் அவருக்குக் கும்பிடு போட்டு அனுப்பினான்.

அடுத்த வாரம் இண்டூரிலிருந்து பெண்ணின் அப்பா வந்தார். நல்ல மனிதர். கூழ் குடிக்கச் சொன்னதற்கு வேண்டாம் என்று நின்றுகொண்டே பேசினார். “காது போனதுக்கு நாங்க பொண்ணு தரமாட்டேங்கலீங்க. அது யாருக்கும் வரும். திருடற கைக்குத் தரமுடியாதுங்க” என்றார். உன் அம்மா சுவரில் சாய்ந்து அழுதாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். அந்த மனிதர் வாசலைத் தாண்டி, பஸ் ரோட்டுக்குப் போகிற வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. நான் பேசவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு தோட்டா போட்டது அல்ல, இதுதான்.

அதற்குப் பிறகு மாணிக்கம் வீட்டை விட்டு வெளியே வருவதை நிறுத்தினான். யாராவது பேசினால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க என்னால் முடியவில்லை. விட்டுவிட்டு வெளியே போகவும் முடியவில்லை. ஒரு நாள் மண்புழு தோண்டி ஒரு சிரட்டையில் போட்டுக்கொண்டு, அவன் கையைப் பிடித்து ஆற்றுக்கு இழுத்துப் போனேன். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்தது விரல் நீளத்தில் இரண்டு கெண்டை. இரண்டையும் அவன் தண்ணீரில் விட்டுவிட்டான். ஆனால் மறுநாள் அவனே கம்பை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றான். அப்படி ஆரம்பித்ததுதான் நீ சின்ன வயதிலிருந்து பார்த்த எங்கள் தூண்டில் பைத்தியம். ‘அப்பாவும் மாமாவும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆற்றுக்குப் போய்விடுவார்கள்’ என்று நீ கட்டுரை நோட்டில் எழுதியிருந்தாய். அது பொழுதுபோக்கு என்றுதான் நீ நினைத்திருப்பாய்.

காது கேட்காதவன் தூண்டிலில் ஜெயிப்பான் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் வருஷம் அவன் தக்கையைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் இழுத்தான், பாதி மீன் தப்பியது. ஒரு நாள் அலுத்துப்போய், கம்பின் அடியைத் தாடையில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தவன் திடீரென்று துள்ளி எழுந்தான். “மச்சான், மோந்து பாக்குதுங்க! இன்னும் கவ்வல, மோந்து பாக்குது!” என்று கத்தினான். மீன் இரையை உரசுகிற அந்தச் சின்ன அதிர்வு கம்பு வழியாக எலும்புக்குள் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு நல்ல கம்பு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். அரூர் வரைக்கும் பஸ்ஸில் போய், அங்கிருந்து சித்தேரி மலைக்கு ஏறினோம். மலையில் ஒருவர் வெட்டிப் போட்டிருந்த கெட்டி மூங்கில் குவியலில் ஒவ்வொன்றாக எடுத்து அடியைத் தாடையில் வைத்துக்கொள்வான், நான் மறுமுனையை நகத்தால் சுரண்ட வேண்டும். தலையாட்டுவான், அடுத்தது. நாற்பது மூங்கில் பார்த்து மூன்று எடுத்தான். அந்த மலைக்காரர் என்னிடம் மெல்ல, “இவரு பல்லு வலிக்கு ஏதாச்சும் பண்றாருங்களா?” என்று கேட்டார். நிழலில் இரண்டு மாதம் உலர்த்தி, அடுப்புப் புகையில் காட்டி, புங்க எண்ணெய் தேய்த்து வைத்தோம். நுனி சுண்டுவிரலில் பாதி, அடி கைக்குள் அடங்குகிற கனம். பார்க்க அழகாக, வழவழப்பாக இருந்த கம்புகளை எல்லாம் அவன் ஒதுக்கியதைப் பார்த்துத்தான், கண்ணுக்குப் பிடித்ததைப் பொறுக்கிக்கொண்டு வருகிற என் வழக்கத்தை விட்டேன்.

இரையிலும் அப்படித்தான். விராலுக்கு உயிர்த் தவளைதான் எல்லாரும் கோர்ப்பார்கள். நானும் கோர்த்தேன். ஒரு நாள் நான் முள்ளில் குத்தும்போது அவன் தவளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். “மச்சான், அது கத்துதுங்களா?” என்று கேட்டான். ஆமாம் என்று தலையாட்டினேன். “அப்ப வேண்டாம்” என்றான். அன்றிலிருந்து பொய்த் தவளைக்கு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கட்டையில் செதுக்கினோம், கல்லைப் போல விழுந்து மீனைத் துரத்தியது. துணியில் செய்தோம், ஊறி முழுகியது. கடைசியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டித் தைத்து, உள்ளே இலவம்பஞ்சு அடைத்து, பின்னால் இரண்டு நாடாவைக் காலாகத் தொங்கவிட்டு, முள்ளை முதுகோடு படிய வைத்தோம். பாசியில் மாட்டாமல் நழுவி வந்தது. அதை இழுப்பதில்தான் விஷயம். நான் சர்ரென்று இழுப்பேன். மாணிக்கம் இரண்டு தட்டுத் தட்டி நிறுத்திவிடுவான். அந்த நிறுத்தத்தில்தான் விரால் பாயும்.

தண்ணீர் தெளிந்திருக்கிற மாதங்களில் பித்தளைத் தகடு. பாலக்கோட்டில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற பாய் ஒருவரிடம் ஒரு உடைந்த கரண்டியைக் கொடுத்து, இலை மாதிரி வெட்டி ஒரு பக்கம் மட்டும் ஈயம் பூசித் தரக் கேட்டேன். “அண்டாவுக்குப் பூசியிருக்கேன், தேக்சாவுக்குப் பூசியிருக்கேன். மீனுக்குப் பூசறது இப்பத்தாங்க” என்று சிரித்தார். ஆனால் அக்கறையானவர். மறுமுறை போனபோது, “தட்டையா இருந்தா நேரா வழுக்கிக்கிட்டுப் போவும். லேசாக் குழி விட்டுத் தரேன், ஆடிக்கிட்டு வரும் பாருங்க” என்று சுத்தியால் நாலு தட்டுத் தட்டிக் கொடுத்தார். அது ஒரு பக்கம் வெள்ளையாக, ஒரு பக்கம் மஞ்சளாகப் புரண்டு வருவது, அடிபட்ட கெண்டைக்குஞ்சு தடுமாறுகிற மாதிரியே இருக்கும்.

வாசனைக்குத்தான் உன் அம்மாவிடம் திட்டு வாங்கினோம். ராகிக் களியைக் கெட்டியாகக் கிண்டி, கடலைப் புண்ணாக்குத் தூளும் வறுத்த வெந்தயமும் பெருங்காயமும் சேர்த்து உருட்டினால் கெண்டை எங்கிருந்தாலும் வரும். “ஏனுங்க, ரசத்துக்கு இல்லாத பெருங்காயம் ஆத்துக்கு எதுக்குங்க?” என்பாள். கருவாட்டுத் தூள், சோம்பு, கோழிக்குடல் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. “கெண்டைக்கு மூக்கு, விராலுக்குக் கண்ணு, கெளுத்திக்கு நாத்தம்” என்று மாணிக்கம் ஒரே வரியில் முடித்துவிடுவான். ஆனால் நான் பிசைந்த களியை மட்டும் சில நாட்களில் மீன் தொடாது. அவன் பிசைந்ததைத் தின்னும், பக்கத்திலேயே என் முள் சும்மா கிடக்கும். ஒரு நாள் அவன் என் கையை இழுத்து மோந்து பார்த்தான். தோட்டா மருந்து தொட்ட கையில் ஒரு தித்திப்பு வாடை நிற்கும். சோப்புப் போட்டாலும் போகாது. “இந்தக் கையில பெசஞ்சா எப்படித் திங்கும்?” என்று சாதாரணமாகத்தான் சொன்னான். அந்த மாதத்தோடு வெடி வேலையை விட்டேன். கூலிக்கு மண்வெட்டி பிடித்தேன். ஏன் விட்டாய் என்று எல்லாரும் கேட்டார்கள், முதுகு வலி என்று சொன்னேன். பார், அதற்கும் ஒரு பொய்.

நீ ஏழாவது படிக்கும்போது மாணிக்கத்துக்கு உண்மை தெரிந்தது. மாரண்டஹள்ளிச் சந்தையில் ஒரு கடைக்காரன், இவன் தராசுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனதும் சாமானை இழுத்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ சொல்லியிருக்கிறான். அதற்குள் மாணிக்கம் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகியிருந்தான். நேரே மடுவுக்கு வந்தான். “ஊர்ல என்னத் தோட்டாத் திருடன்னு சொல்றாங்க மச்சான். அதனாலதான் இண்டூர்க்காரரு போனாராம். இத்தன வருசமா எனக்குக் காது போனதாலன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன். யாரு மச்சான் சொன்னது?” என்று கேட்டான். நான் என் நெஞ்சில் கையை வைத்தேன். அவன் என்னையே பார்த்தான். பிறகு கையிலிருந்த கம்பைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அந்த மாதம் முழுக்க அவன் ஏரிக்கரைப் பக்கம் உள்ள காட்டுக் கொட்டகையில் போய்த் தங்கியது உனக்கு ஞாபகம் இருக்கும். ஆடு காவலுக்கு என்று உன்னிடம் சொன்னேன்.

நான் தினமும் மடுவுக்குப் போனேன். முள் போடவில்லை, சும்மா உட்கார்ந்துவிட்டு வருவேன். ஒரு காலை எனக்கு முன்னால் அவன் அங்கே இருந்தான். என் பக்கம் திரும்பாமலே பேசினான். “அக்காவுக்குச் சொல்லாதீங்க. அவ உங்ககூட வாழணும். எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். இந்த மடுவுல இனி யாரும் தோட்டா போடக்கூடாது. அத நீங்க பாத்துக்கணும்.” நான் அவன் முன்னால் போய் நின்று, அவன் பார்க்கும்படி, “பாத்துக்கறேன்” என்றேன்.

சொன்னபடி பார்த்துக்கொண்டேன், கண்ணு. அதில் மட்டும் நான் தவறவில்லை. பஞ்ச வருஷத்தில் ஆறு வற்றி மடுவில் மட்டும் தண்ணீர் நின்றபோது, குவாரியிலிருந்து நாலு பேர் தோட்டாவோடு வந்தார்கள். கெஞ்சினேன், கேட்கவில்லை. “ஆறு என்ன உங்க அப்பன் வூட்டுதா?” என்றார்கள். சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கிக் கழுத்தளவில் போய் நின்றேன். “போடறதுன்னா போடுங்க” என்றேன். பின்னால் தண்ணீர் அலம்பியது, திரும்பினால் மாணிக்கம். அவன் இறங்கியதைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. மேலே போ என்று கையைக் காட்டுகிறேன், அவன் என் பக்கம் பார்க்காமல் கரையையே பார்த்துக்கொண்டு நின்றான். வெயில் உச்சிக்கு ஏறும்வரை நின்றோம். அவர்களில் ஒருவன் திரியைப் பற்றவைப்பதுபோல இரண்டு முறை பாவலா காட்டினான். பிறகு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த வருஷம் அதே மடுவில் விரால் சோடி ஒன்று சிவப்புக் குஞ்சுகளைப் பந்தாகக் கூட்டிக்கொண்டு திரிந்ததை மாணிக்கம் காட்டினான். குஞ்சோடு திரியும் விராலுக்கு முள் போடக்கூடாது என்று அந்த மூன்று வாரமும் நாங்கள் அந்தப் பக்கம் கம்பே எடுத்துப் போகவில்லை.

ஆகையால் உன் தோட்டா இந்த மடுவுக்கு வராது. நீ என் மகன், உன் கல்யாணம், அதெல்லாம் சரி. வந்தால் தண்ணீரில் நான் நிற்பேன். இதைப் பயமுறுத்தலாக எடுத்துக்கொள்ளாதே, என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்கிறேன், அவ்வளவுதான். விருந்துக்கு மீன் உண்டு. கல்யாணத்துக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது. நாளையிலிருந்து நானும் மாணிக்கமும் தினம் இறங்குகிறோம். விரால் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் உயிரோடு கிடக்கிற மீன். பிடித்ததை நம் கிணற்றில் விட்டுவைக்கலாம், விருந்தன்று வலை போட்டு எடுத்துக்கொள்ளலாம். இப்போது தண்ணீர் கலங்கலாக இருக்கிறது, அதனால் தகடு வேண்டாம், டியூப் தவளைதான். ஊருக்கே போதாமல் போனால் கெண்டையைச் சேர்த்துக்கொள்வோம். அதுவும் போதாவிட்டால் ஆளுக்கு ஒரு துண்டு குறையட்டும். உன் சினேகிதனிடம் வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடு.

இதுவரை வியாழக்கிழமை எழுதினேன். தபாலில் போடப் போனவன் பாதி வழியில் திரும்பிவிட்டேன். உனக்கு எழுதிவிட்டு உன் அம்மாவிடம் சொல்லாமல் இருந்தால், நீ கல்யாணப் பந்தலில் அவள் முகத்தைப் பார்த்து இதை மறைக்க வேண்டிவரும். நான் சுமந்ததை உன் தலையில் ஏற்றுவதாகிவிடும். மாணிக்கம் சொல்லாதே என்றது எனக்காக அல்ல, அவளுக்காக. இருந்தாலும் இனி மறைப்பது அவளுக்குச் செய்கிற நல்லது இல்லை என்று பட்டது. முதலில் அவனிடம் போனேன். கடிதத்தைக் காட்டி, “அக்காவுக்குப் படிச்சுக் காட்டப் போறேன்” என்றேன். அவன் கடிதத்தை வாங்கிக் கையில் கனம் பார்த்துவிட்டு, “படிங்க” என்றான்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தபோது முதல் எழுத்திலிருந்து படித்தேன். இரண்டாவது தோட்டா வந்த இடத்தில் முறம் நின்றது. இண்டூர்க்காரர் வந்த இடத்தில் அவள் எழுந்துவிட்டாள். நான் முடிக்கும்வரை நின்றுகொண்டேதான் கேட்டாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் என்னை ‘நீங்க’ என்பதைத் தவிர வேறு சொல்லால் அவள் அழைத்ததில்லை. அன்றைக்கு, “நீ மனுசனா?” என்றாள். அவ்வளவுதான். இரண்டு நாள் அடுப்பு எரிந்தது, தட்டில் சோறு விழுந்தது, பேச்சு இல்லை. அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. மாணிக்கத்தின் தலையைப் பிடித்து, சின்னப் பிள்ளைக்குப் பார்ப்பதுபோல இரண்டு காதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவளாகவே வந்து எதிரில் உட்கார்ந்தாள். “நான் சொல்றத அப்படியே எழுது” என்றாள். எழுதுகிறேன். “செல்வராசு, ஆத்தா பேசறேன். தாய்மாமன் சீரு செய்யறப்ப பந்தல்ல எல்லாரும் இருப்பாங்க. ஒம்பொண்டாட்டி வூட்டு ஆளுங்களும் இருப்பாங்க. அப்ப உங்கப்பன் எந்திரிச்சு நடந்தத நாலு பேரு முன்னாடி சொல்லணும். எந்தம்பி திருடல, நாந்தான் எடுத்தேன்னு சொல்லணும். சொல்லாட்டி அந்தப் பந்தல்ல நான் நிக்கமாட்டேன். உனக்குக் கௌரவம் கொறையும்னு தோணுச்சுன்னா இப்பவே சொல்லிடு.”

நான் சொல்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். உன் மாமனார் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்காமல் இல்லை. இண்டூர்க்காரர் போகும்போது திறக்காத வாய் இது. உன் பந்தலில் திறக்கும். நீ வேண்டாம் என்று எழுதினாலும் திறக்கும். அந்தச் சங்கடத்துக்கு மட்டும் என்னை மன்னித்துவிடு. மற்றதற்கு மன்னிப்பு கேட்க வேண்டிய ஆள் நீ இல்லை.

சற்று முன் உன் அம்மா மாணிக்கத்தின் முன்னால் போய் உட்கார்ந்து, கையாலும் உதட்டாலும் இதை அவனுக்கு விளக்கினாள். அவன் கையிலிருந்த மூங்கிலைக் கீழே வைத்தான். பிறகு, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற அந்தக் குரலில் சொன்னான்:

“சொல்லட்டும் அக்கா. ஆனா ஊரப் பாத்துச் சொல்லவேண்டாம், ஊருக்குக் காது இருக்கு. எம்மூஞ்சியப் பாத்து, மெதுவாச் சொல்லச் சொல்லு.”

உன் அப்பா